இருபத்தாறில் ஒரு சிவப்புக் கோடு

அந்தத் தெர்மாமீட்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். இருபத்தாறு டிகிரிக்கு நேராக, நகப்பூச்சால் இழுத்த ஒரு சிவப்புக் கோடு. கோட்டைப் போட்டது என் மனைவியின் தங்கை. போடச் சொன்னது அவள் கணவர், என் சகலை. அவருக்குப் பொடி எண்கள் தெரியாது, ஆனால் கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கம். கோடு இருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்பார்.

எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உலைப் பிரிவில் வேலை. பல்சக்கரங்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கிற இடம். எண்ணூறு டிகிரிக்குக் கீழே இருப்பதை நான் சூடு என்று மதிப்பதே இல்லை. என் கோபமும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சகலை நேர் எதிர். பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் மேலாளராக இருந்தார். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் காலையில் திரையை இவ்வளவு தூக்கு, மதியம் அவ்வளவு இறக்கு என்று நாள் முழுக்கச் செடிகளோடு மல்லுக்கட்டாமல் அனுசரித்துப் போகிற மனிதர். வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைவிட ஆறு வயது இளையவர். இரண்டு தெரு தள்ளி வீடு.

அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளத்துக்கு ஒரு கடல் இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை. பொட்டலத்தில் வரும் கடல் உப்பை வடிகட்டிய நீரில் கரைத்து, கல் அடுக்கி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை அதில் விட்டிருந்தார். முதல் தடவை பார்த்தபோது, "ஏன் சகல, அப்படியே ஒரு சுறாவும் வாங்கிடலாமா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார்.

"பெருசா இருந்தா சுலபம் சகல. கடலைச் சூடாக்கணும்னா சூரியனே திணறணும். இந்தத் தொட்டிக்கு நம்ம ஜன்னல் வெயில் போதும், ஒரு மணி நேரத்துல ஆளை மாத்திடும்."

எங்கள் ஊர் தை மாதத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். காலையில் ஸ்வெட்டர், மதியம் விசிறி. அவர் தொட்டியை ஜன்னலிலிருந்து விலக்கி உள்சுவரோரம் வைத்து, மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டியிருந்தார். கீழே நீல டிரம் ஒன்றில் இன்னொரு பங்கு அதே உப்புநீர், அதற்குள் ஒரு சின்னக் கரண்ட் ஹீட்டர். மோட்டார் இரண்டையும் சுற்றிக் கலந்துகொண்டே இருக்கும். தண்ணீர் அதிகமானால் சூடு சட்டென்று ஏறி இறங்காது. எல்லாம் சேர்ந்து, வெளியே பதினைந்து டிகிரியாக இருந்தாலும் முப்பதாக இருந்தாலும், தெர்மாமீட்டரின் நீலத் திரவம் அந்தச் சிவப்புக் கோட்டைத் தொட்டபடியே நிற்கும். லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய எங்கள் உலைகூட இப்படி நின்றதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு வருடம் காத்திருந்து, ஒரு தை மாதத்தில் அந்த ஜோடி முட்டையிட்டது. உள்ளே சாய்த்து வைத்த ஓட்டுச் சில்லின் மேல் ஆரஞ்சு நிறத்தில், கடுகைவிடக் கொஞ்சம் நீளமாக, நூற்றுக்கணக்கில். ஆண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் முட்டைகளை விசிறிக்கொண்டே இருந்தது. எட்டு ஒன்பது நாளில் பொரியும் என்றார் சகலை. குழந்தை பிறந்த வீடு மாதிரி எல்லோருக்கும் போன் போட்டார். ஆனால் அது காதலர் தினத்துக்கு ரோஜா ஏற்றுமதியாகிற நேரம். ஏழாம் நாள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது. அவரால் பண்ணையை விட்டு அசைய முடியாது. கொழுந்தியாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு அன்று வார விடுமுறை.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சகல. போர்வையைப் போத்திட்டு பக்கத்துல இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றுக்குமிழி விட பேட்டரி மோட்டார் ஒன்று இருந்தது. தினமும் வெப்பநிலை எழுதுகிற நோட்டும் இருந்தது.

நான் அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதினேன். அன்று வெயிலே இல்லை, தூறல். இருபத்தைந்தரை. இருபத்தைந்து. இருபத்து நான்கு. இரண்டு மணிக்கு இருபத்து மூன்று. எங்கள் உலையில் இப்படி இறங்கினால் அலாரம் அலறும், பத்து நிமிடத்தில் எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருபது வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். கை சும்மா இருக்குமா? மாற்றுவதற்காக அவர் வாளியில் கரைத்து வைத்திருந்த உப்புநீரை கேஸ் அடுப்பில் காய்ச்சி, செம்பு செம்பாக ஊற்றினேன். பத்தே நிமிடம். திரவம் சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. எனக்கு நானே தோளில் தட்டிக்கொள்ளாத குறை.

பிறகுதான் மீன்களைப் பார்த்தேன். பெண் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. ஆண் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது, ஆனாலும் விசிறுவதை நிறுத்தவில்லை. ஐயோ, எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாகச் சூடு ஏற்றினால் இரும்பே விரிசல் விடும் என்று புதுப் பையன்களுக்குத் தொண்டை கிழியச் சொல்கிறவன் நான். நோட்டில் அந்தப் பத்து நிமிடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு உள்ளதை எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் முட்டைகள் வெளுத்துப் போயிருந்தன. சகலை நோட்டைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"இறங்கினதுல ஒண்ணுமில்ல சகல. ஏறினதுதான்" என்றார். அப்புறம், "வாங்க, டீ குடிக்கலாம்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அந்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆனால் மீன்கள் என்ன செய்தன தெரியுமா? பெண் மீன் இரண்டே நாளில் தேறிவிட்டது. ஆண் மீன் வெளுத்த முட்டைகளைத் தின்று, ஓட்டுச் சில்லைப் பளிச்சென்று துடைத்தது. சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி முட்டை. கணக்குப் பார்த்தால் ஆறாம் நாளன்று அடுத்த மாதப் பராமரிப்பு வந்து விழுந்தது. அன்றும் சகலைக்குப் பண்ணையில் தலைக்கு மேல் வேலை. இந்தத் தடவை நானே லீவு போட்டுவிட்டு, "நான் இருக்கவா?" என்று கேட்டேன். கேட்கும்போதே கூசியது. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் சாவியை என் கையில் வைத்தார்.

அன்றும் இருபத்து மூன்று வரை இறங்கியது. கேஸ் அடுப்பு இருக்கும் பக்கமே திரும்பக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். ஒரு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. போர்வை இடுக்கில் பார்த்தால், அந்த ஆண் மீன் விசிறிக்கொண்டே இருந்தது. அதுவும் நானும் மட்டும்தான் வீட்டில். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. சிவப்புக் கோட்டைத் தொட ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று.

அதிலிருந்து மூன்றாம் நாள் சாயங்காலம் சகலை தொட்டி விளக்கை அணைத்து ஜன்னலை மூடினார். இருட்டினால்தான் பொரியுமாம். ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சைத் தண்ணீர் மட்டத்தில் காட்டினார். வெளிச்சத்துக்குள் ஒரு வெள்ளிப் புள்ளி துடித்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. உடம்பு கண்ணாடி மாதிரி, அதில் இரண்டு கண்கள் மட்டும். கடலே இல்லாத எங்கள் ஊரில், நாலு சுவருக்குள், கடல்மீன் பிறக்கிறது! என் கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததை மறைக்கவும் இல்லை.

போன வருடம் சகலைக்கு எத்தியோப்பியாவில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். தொட்டியும் மீன்களும் டிரம்மும் நோட்டும் என்னிடம் வந்தன. "உங்களைத் தவிர யார்கிட்டயும் தர மாட்டேன் சகல" என்றபோது கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். அவர் போன பிறகு ஒருநாள் நோட்டைப் புரட்டி, பயந்துகொண்டே அந்தத் தை மாதப் பக்கத்தைத் தேடினேன். 23, அடுத்த வரியில் 26, என் கையெழுத்து. அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: 'கரண்ட் இல்லை. சகலை பாவம், ரொம்பப் பயந்திருக்கிறார். முட்டை போச்சு. அடுத்த தடவையும் அவரையே உட்காரச் சொல்லணும்.'

இன்றும் பராமரிப்பு. போர்வை போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆண் மீன் விசிறுகிறது. போனில் சகலையின் செய்தி வந்திருக்கிறது, "எவ்வளவு?" என்று. இருபத்து நான்கரை, கோட்டுக்குக் கீழே என்று பதில் போட்டேன். உடனே திரும்பி வந்தது: "சரி. இருங்க."

இருக்கிறேன்.