எறும்புப் பம்பும் சனிக்கிழமை மாவும்

என் மகள் தவழத் தொடங்கிய சமயம், எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் நெருப்பெறும்பு குடியேறியது. எந்த வழியாக வருகிறது, எதற்காக வருகிறது, ஏன் என் பிள்ளையையே தேடி வருகிறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எள்ளைவிடச் சின்னதாகச் சிவப்பாக இருக்கும். கடித்த இடம் தீப்பட்டதுபோல எரியும், மறுநாள் கொப்புளமாகிவிடும். ஒரு நாள் காலையில் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினால் ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கண்ணிலேயே கடித்தால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

தொட்டில் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றினேன். மஞ்சள்தூளைக் கொட்டினேன். வெந்நீர் ஊற்றினேன், மண் தரை சேறானதுதான் மிச்சம். கூட்டைத் தோண்டி எடுத்துவிடலாம் என்றால், அது இருந்தது நடுச்சுவருக்கு அடியில். அந்தச் சுவரில் கடப்பாரை பட்டால் ஊர்ப் பஞ்சாயத்துதான் கூடவேண்டும்.

என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து, ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். ஆண்கள் பேசாவிட்டால் பெண்களும் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீரனூரிலிருந்து வாழவந்த புதிதில் எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டவள் அவள்தான். பிள்ளை இல்லாதவள். என் மகள் பிறந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சட்டம் அப்படி என்று தெரிந்தாலும் எனக்கு ஆறவே இல்லை.

இதில் இன்னொரு குழப்பம், சனிக்கிழமை. மற்ற நாளெல்லாம் ஒன்றிரண்டாக ஊரும் எறும்பு, சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் சாரை சாரையாகச் சுவரோரம் இறங்கும். எறும்புக்குக் கிழமை தெரியுமா? யோசித்து யோசித்து, என் கணவர் சனிக்கிழமைதோறும் தேய்த்துக்கொள்ளும் நல்லெண்ணெய் மேல் பழியைப் போட்டேன். எண்ணெய் வாசத்துக்குத்தான் வருகிறது என்று அவரைக் கிணற்றடிக்கே துரத்தினேன். "எறும்புக்குப் பயந்து என்னைய வீட்ட விட்டு வெரட்டுறியே" என்று முணுமுணுத்துக்கொண்டே கோவணத்தோடு போனார். எறும்பு போகவில்லை.

கடைசியில் அவர் திருவரங்குளம் பிளாக் ஆபீசுக்குப் போய், சைக்கிள் கேரியரில் ஒரு பம்பைக் கட்டிக்கொண்டு வந்தார். மூடிபோட்ட தகர டப்பா, அதன் பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போன்ற குழாய், முன்னால் நீண்ட ரப்பர் டியூப். டப்பாவில் விஷத்தூளைப் போட்டு, டியூபை வளைக்குள் செருகி அடித்தால் தூள் புகைபோல மண்ணுக்குள் இறங்குமாம்.

"இது வயக்காட்டு எலிக்கு வச்சிருக்கிறதாம். எறும்புக்கும் கேக்கும்னு அந்த ஆபீசு ஆளு, கிராம சேவக் சொல்றாரு. இங்கேரு, தூளு எங்கிட்டெல்லாம் வெளிய வருதோ, அங்கிட்டெல்லாம் களிமண்ண அப்பி அடைச்சிரணும். ஒரு ஓட்டைய விட்டாலும் அது வழியாத் தப்பிச்சிரும்" என்றார். சொல்லிவிட்டுக் கடலைக்குக் களைவெட்டப் போய்விட்டார். பம்பு கொண்டுவந்ததோடு தன் கடமை முடிந்தது என்ற நினைப்பு அவருக்கு.

அன்றும் சனிக்கிழமைதான். பிள்ளையை வாசல் வேப்பமரத்துத் தூளியில் தூங்கப்போட்டேன். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, களிமண்ணைக் குழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரோர வளைக்குள் டியூபைச் செருகி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். தூள் எங்குமே வெளியே வரவில்லை. தரையைப் பார்த்தேன், அடுப்படியைப் பார்த்தேன், நெல் குதிருக்குப் பின்னால் பார்த்தேன். இத்தனை தூளையும் பூமி விழுங்குகிறதா, பம்புதான் பழுதா? கோபம் வந்து இன்னும் பலமாக அடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பிறகு குரல். "ஏத்தா! என் அடுப்பங்கரைக்குள்ள என்னத்தடி விடுற?"

சுவர் எழுந்தபிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவர் பிரித்தது மேலே இருந்த வீட்டைத்தான். எறும்புக்குக் கீழே ஒரே வீடு. களிமண்ணை அள்ளிக்கொண்டு, சட்டத்தையெல்லாம் மறந்து, அவள் வாசல்படி ஏறி உள்ளே ஓடினேன்.

அவளுடைய அடுப்பங்கரை மூலையில், சுவரடி ஓட்டை வழியாக வந்த வெள்ளைத் தூள் இன்னும் புகையாக நின்றது. அதோடு எறும்பு, பொங்கி வழிகிற மாதிரி. அந்த ஓட்டையைச் சுற்றி என்ன கிடந்தது தெரியுமா? வெல்லம் கலந்த பச்சரிசி மாவு. இன்றைக்குப் போட்டது, அதற்கு அடியில் பழைய சனிக்கிழமைகளில் போட்டுக் கறுத்துப்போனது.

தீனி போட்டு வளர்த்து என் பிள்ளைமேல் ஏவியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

"எம் புள்ள கண்ணு அவிஞ்சு போகணும்னா போட்டீங்க? நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினேன்.

அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. என்னைவிடக் குழம்பிப்போய் நின்றாள். "கண்ணா? புள்ள கண்ணுக்கு என்னடி?" என்றாள்.

"எறும்பு கடிச்சுக் கண்ணு மூடிக் கெடக்கு. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எறும்பு வருவதற்கு முன்பு என் மகளுக்கு மாந்தம் வந்து, பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்தபோது, அந்த அழுகையைச் சுவருக்குத் தன் பக்கமிருந்து அவளும் கேட்டிருக்கிறாள். வந்து பார்க்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. பிள்ளை தேறினால் சனிக்கிழமைதோறும் எறும்புக்கு மாவு போடுவதாக வேண்டிக்கொண்டாளாம்.

"எறும்பு வயிறு நெறைஞ்சா புள்ளைக்கு ஆயுசுன்னு எங்க ஊருல போடுவாங்கடி. புள்ளையும் தேறுச்சு. அப்பறம் மறுபடியும் அழுக ஆரம்பிச்சா. போட்ட மாவு பத்தலையோன்னு இன்னுங் கொஞ்சம் போட்டேன்" என்றாள்.

பிள்ளை அழ அழ அவள் மாவைப் போட்டிருக்கிறாள். மாவு விழ விழ எறும்பு பெருகியிருக்கிறது. எறும்பு பெருகப் பெருகப் பிள்ளை அழுதிருக்கிறாள். நான் அவளைத் திட்டுவதா, அவள் காலில் விழுவதா? இரண்டும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கையில் களிமண்ணோடு நின்றேன்.

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தூளித் துணியை விலக்கி என் மகளை முதன்முறையாகப் பார்த்தாள். வீங்கிய கண்ணுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்விட்டு, தொடாமலே எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து, "அந்த மிசினை இங்கிட்டுக் கொண்டா" என்றாள்.

என் பக்கத்து வளையை நான் களிமண்ணால் அடைத்துவிட்டு வந்தேன். டப்பாவில் மீதித் தூளைப் போட்டேன். "நான் அடிக்கிறேங்கக்கா" என்றதற்கு அவள் கைப்பிடியைத் தரவில்லை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அவளே அடித்தாள். துணிக்குள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எறும்பிடம் மன்னிப்புக் கேட்டாளா, என் பிள்ளையிடமா, எனக்குத் தெரியவில்லை. தூள் தீர்ந்து வெறும் காற்று போகும் சத்தம் கேட்டது. "போதுங்கக்கா, தீந்துபோச்சு" என்றேன். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான்தான் அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

எறும்பு ஒழிந்தது. கண் வீக்கம் வடிந்து பிள்ளை பழையபடி விழித்துப் பார்த்தாள். பம்பு பிளாக் ஆபீசுக்குத் திரும்பிப் போனது. ஆண்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை, சுவருக்கு மேலே அவள் குரல் கேட்டது. கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் பயந்து. "ஏத்தா, வேண்டுதலை விட்டுறப்படாதுடி. இனிமே மாவை எங்கிட்டுப் போடுறது?"

எத்தனை எறும்பைக் கொன்றோம் என்று கணக்கில்லை. இப்போது போய் எறும்புக்கு மாவா? எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஊருணிக் கரையில போடுவோங்கக்கா. மாவை நான் எடுத்துக்கிட்டு வாரேன். நீங்க புள்ளையத் தூக்கிக்கங்க" என்றேன்.