சித்தப்பா கேட்ட வளையல் சத்தம்

எங்கள் சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார் என்று சொன்னால் உடனே எல்லோரும் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர் துப்பாக்கி பிடித்ததைவிட ஓடியதுதான் அதிகம். மூவாயிரம் மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். வழியில் மரக்கட்டைகளைத் தாண்ட வேண்டும், ஒரு தண்ணீர்ப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். வைகையில் தண்ணீரே பார்க்காமல் வளர்ந்தவன் தண்ணீரைத் தாண்டிச் சம்பளம் வாங்குகிறான் என்று அப்பா, அதாவது அவருடைய அண்ணன், எங்கள் விளாங்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். கேட்பவர்களுக்குக் கேலி மாதிரி இருக்கும். எங்களுக்குத் தெரியும், அது பெருமை.

நான் மூன்றாவது படித்தபோது, பல நாட்டு ராணுவ வீரர்கள் மோதும் தடகளப் போட்டி ஒன்றுக்குச் சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிநாட்டில் போட்டி. முன்கூட்டியே அங்கே போய் நீண்ட பயிற்சி வேறு. அதில் பதக்கம் வாங்கினால் பதவி உயர்வு உண்டு, விளையாட்டுப் பிரிவிலேயே இருந்துகொள்ளலாம், சித்தியையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப் போகலாம். வாங்காவிட்டால் பழைய ரெஜிமெண்டோடு பனிமலைக்குப் போக வேண்டும். முப்பதைத் தொட்டுவிட்டவருக்கு இன்னொரு வாய்ப்பு தரமாட்டார்கள். இதையெல்லாம் அப்பா அம்மாவிடம் சொல்லச் சொல்ல, பதக்கம் என்பது ரேஷன் கார்டு மாதிரி ஏதோ ஒன்று, அது இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சித்திக்கு அப்போது ஏழு மாதம். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் வளைகாப்பையும் பிரசவத்தையும் எங்கள் வீட்டிலேயே பார்ப்பது என்று அம்மா சொல்லிவிட்டாள். சித்தப்பா விமானம் ஏறிய பிறகுதான் வளைகாப்புக்கு நாள் அமைந்தது. சித்தியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்கள். வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் கொடுத்தார்கள். எனக்கும் சிவப்பும் பச்சையுமாகக் கை நிறைய அடுக்கினார்கள். குளிக்கும்போதுகூட நான் அவற்றைக் கழற்றவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சித்தப்பாவின் போன் வந்தது. எங்களிடம் இருந்தது முகம் பார்த்துப் பேச முடியாத பட்டன் போன். வளையல் சத்தத்தை வயிற்றுப் பிள்ளை கேட்கும் என்பார்களே, அதைத் தானும் கேட்க வேண்டும் என்றார். சித்தி வெட்கப்பட்டுக்கொண்டே போனுக்குப் பக்கத்தில் கையை ஆட்டினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பயிற்சி முடிந்ததும் கூப்பிடுவார், அங்கத்திய சாப்பாட்டைத் திட்டுவார், கென்யாக்காரன் ஓடுகிற அழகைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார், கடைசியில் வளையலைக் கேட்டுவிட்டு வைப்பார்.

பிறகு ஒருநாள் விடியற்காலையில் சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை தங்கவில்லை.

பாப்பா சாமியிடம் போய்விட்டது என்று என்னிடம் சொன்னார்கள். பிரசவம் பார்த்த பெண்ணுக்கு வளைகாப்பு வளையல்களைக் கழற்றிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அவற்றைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு நீட்டினாள். அந்த நர்ஸ் கையை மடக்கிக்கொண்டு, "வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா என்னோடு சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, வைகை ஆற்றுப் பாலத்துக்கு நடந்து, பையை அப்படியே கீழே கவிழ்த்தாள். தண்ணீர் எங்கே இருந்தது. மணலிலும் ஆகாயத்தாமரையிலும் போய் விழுந்தன. உடையாத வளையலை எதற்கு எறிய வேண்டும், எனக்குக் கொடுத்திருக்கலாமே என்று அம்மாவின் மேல் எனக்கு ஒரே கோபம்.

வீட்டில் அப்பா ஒரு முடிவோடு காத்திருந்தார்.

"அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. ஓடி முடிச்சிட்டு வரட்டும். இப்பச் சொன்னா கட்டைய எங்க தாண்டுவான், அதுலயே விழுந்துதான் கெடப்பான். தெருவத் தாண்டி வெளிய தெரியக் கூடாது. எவனாச்சும் போனப் போட்டுச் சொல்லிருவான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த சித்தி, "அவருகிட்டப் பேசப்போறது நான்தான மாமா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அப்பா செருப்பைத் தேடினார்.

முடிவெடுத்த பெரியவர்களுக்குப் போன் வரும் நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிடும். அன்றும் அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரம் எடுத்தாலும் தீராத துணி. கூடத்தில் சித்தியும் நானும் மட்டும். போன் அடித்தது. சித்தி இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

"நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். ம்ம், உதைக்குது. உங்கள மாதிரித்தான், ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சாமியிடம் போன பாப்பா திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது. பெரியவர்கள் ஒன்றையே இரண்டு விதமாகச் சொன்னால் அதில் நல்லதை நம்புவதுதான் என் பழக்கம்.

கடைசியில் அவர் வளையலைக் கேட்டிருக்க வேண்டும். சித்தி தன் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் புரிந்துகொண்டு ஆட்டினேன். ஜல் ஜல்லென்று நன்றாகவே ஆட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா சிரிப்பது எனக்கே கேட்டது.

அதன்பிறகு மாலையானால் தெருவில் என்ன விளையாட்டு நடந்தாலும் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன். வீட்டில் நான் இல்லாமல் நடக்காத ஒரு காரியம் இருப்பதில் எனக்கு அத்தனை கர்வம். ஒரு வளையல் உடைந்தாலும் சத்தம் குறைந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் கபடிகூட ஆடவில்லை. போட்டிக்கு முந்தைய நாள் அவர் நெடுநேரம் ஆட்டச் சொன்னார். நான் ஆட்டிக்கொண்டே இருக்க, சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்கிறாள், சிரிப்பை அடக்குகிறாளோ என்று நானும் சிரித்தேன்.

சித்தப்பா மூன்றாவதாக வந்தார். எந்தச் சேனலிலும் காட்டவில்லை. செய்தியைப் போனில் கேட்டுவிட்டு அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். பதக்கம் வந்தால் ஏன் அழ வேண்டும் என்று கேட்டேன். ஜெயித்தவர்களே சந்தோஷத்தில் அழுவார்கள், நீ டிவியில் பார்த்ததில்லையா என்றாள் அம்மா. பார்த்திருந்தேன்.

திரும்பி வரும்போது ஸ்டேஷனிலேயே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று அப்பா போனார். அங்கே சித்தப்பாவோடு சின்ன வயதில் ஓடிய பழங்காநத்தம் நண்பர்கள் மேளத்தோடும் ஆளுயர மாலையோடும் நின்றிருந்தார்கள். விஷயம் வெளியே போகக் கூடாது என்று அப்பாவே கட்டுக்காவல் போட்டிருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சத்தத்தில் அப்பாவால் எதைச் சொல்ல முடியும். வேனில் ஏற்றி, மேளம் அடித்தபடியே வீடுவரை கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு எல்லாம் தெரியும். அவரவர் வாசலில் நின்றார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை.

கூடத்தில் நண்பர்கள் பதக்கத்தைக் காட்டச் சொன்னார்கள். மாலையைக்கூடக் கழற்றாமல் சித்தப்பா பைக்குள் கையை விட்டார். பதக்கத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக் குழந்தைக் குல்லாயை எடுத்தார். அதைச் சுற்றிலும் சின்னச் சின்ன உலோக பின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக் கொடி. இந்த மாதிரிப் போட்டிகளில் வீரர்கள் தங்கள் நாட்டு பின்னை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்களாம்.

"எம் பிள்ளைக்குன்னு சொன்னேன் மாப்ள. கென்யாக்காரன், போலந்துக்காரன், எல்லாவனும் தேடி வந்து ஆளுக்கொண்ணு குத்திவிட்டானுக. டிராக்குல அம்புட்டு முறைச்சுக்கிட்டோம், இதுக்கு மட்டும் ஒண்ணாச் சேந்துக்கிட்டானுக. எங்க அவ?"

சித்தியே அறைக்குள்ளிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா அவளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்களை யாரோ போய் நிறுத்தினார்கள்.

"எப்ப?"

"நீங்க போன மறுமாசம், அமாவாசைக்கு மொத நாளு."

"ஓட்டத்துக்கு முன்னாடியேவா?"

சித்தி தலையை ஆட்டினாள்.

"அப்ப அந்த வளையல்?"

சித்தி என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் நான் காத்திருந்தது இதற்காகத்தான். முன்னால் வந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக் காட்டினேன்.

சித்தப்பா மாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். குல்லாய் மடியில் கிடந்தது. என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, "இன்னொருக்க ஆட்டு தாயி" என்றார். ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிறுத்தினால் மறுபடியும் ஆட்டச் சொன்னார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து மாலைக்குள் இறங்கியது.

எனக்குப் பாவமாக இருந்தது. முதலிடம் கிடைக்காத வருத்தம் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழாதீங்க சித்தப்பா, அடுத்த தடவ கண்டிப்பாக் கெடைச்சிரும்" என்றேன்.

"சரி தாயி" என்றார். அதுவரை அழாமல் இருந்த சித்தி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நல்ல வார்த்தைதானே சொன்னேன், இதற்கு ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.