என் வரிகளில் ரேவதி பெயர்

ஒரே சாஃப்ட்வேரில் எட்டுப் பேர் கைவைத்தால், யார் எதை மாற்றினார்கள், எந்த வெர்ஷன் எந்தக் கடைக்குப் போனது என்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அந்த ஆளை யாருக்கும் ஞாபகம் வராது. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பட்டனைக் காணோம்

பிரசவ விடுப்பு முடிந்து, கீரனூரில் பஸ் பிடித்துத் திருச்சி ஆபீசுக்குப் போனேன். எல்லோருடைய மாற்றங்களையும் சரிபார்த்து மெயின் வெர்ஷனில் சேர்க்கும் அனுமதி முன்பு என்னிடம்தான் இருந்தது. இப்போது என் ஸ்கிரீனில் அந்தப் பட்டனே இல்லை. எனக்குப் பதிலாக வந்த ரேவதியிடம் இருந்தது. அடுத்து வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். டீம் லீடிடம் கேட்டேன்.

"கொஞ்ச நாள் ரேவதியே பாக்கட்டும்மா. நீங்க புள்ளையப் பாக்கணும்ல?"

கொத்தமல்லி தூவியவள்

எங்கள் சாஃப்ட்வேரில் எந்த வரியைத் தொட்டாலும், கடைசியாக அதை மாற்றியவர் பெயர் பக்கத்தில் வரும். நான் மூன்று வருஷமாக எழுதிய செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தால் வரிக்கு வரி ரேவதி. ஒரு எழுத்தையும் மாற்றவில்லை; வரிக்கு முன்னால் விடும் இடைவெளிகளை மட்டும் ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். குழம்பு வைத்தது நான், கொத்தமல்லி தூவியவளுக்குப் பெயரா? பற்றிக்கொண்டு வந்தது. என் பேரு எங்க என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

"அடியில பத்திரமா இருக்குக்கா. பழைய ஹிஸ்டரியத் தோண்டுனா வரும்."

டெஸ்ட் கஸ்டமர்

போன வாரம் கறம்பக்குடியில் புதிதாகத் திறந்த உரக்கடைக்கு எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரைப் போட்டோம். மறுநாளே கடைக்காரர் போன்.

"ஏம்மா, உரம் வாங்க வர்ற சம்சாரிக்கெல்லாம் 'டெஸ்ட் கஸ்டமர்'னே பில்லு வருதே, அவுகளுக்குப் பேரு இல்லையா?"

எழுந்து நின்றேன்

எந்தப் புதுக் கடைக்கும் பொதுவான செட்டிங்கில், சோதனைக்குப் போலிப் பெயர்கள் வைத்திருக்கும் எங்கள் டெஸ்ட் சர்வரின் முகவரி கிடந்தது. பக்கத்தில் ரேவதி பெயர். மறைப்பானேன், எனக்கு இனித்தது. பட்டன் திரும்பி வந்துவிடும்! இன்னும் ஆதாரம் வேண்டுமென்று ஹிஸ்டரியைத் தோண்டினேன். அவள் விட்ட இடைவெளிக்கு அடியில் என் பெயர். விடுப்புக்கு முந்தின வாரம் நான் எழுதிய வரி; அதற்குப் பிறகு சேர்ந்த முதல் புதுக் கடை இதுதான்.

"யாரு செஞ்சது இது?" என்று லீட் சத்தம் போட்டார். ரேவதி வாயே திறக்கவில்லை. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் இப்படிக் கேட்டால் செய்தவள் எழுந்து நிற்க வேண்டும். பயம்தான்; ஆனாலும் கால் தானாக எழுந்துவிட்டது. "நான்தான் சார்" என்றேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. ரேவதி என் பக்கம் குனிந்தாள்.

"அது ஒங்க வரின்னு காலையிலயே பாத்துட்டேன்க்கா. வந்த கையோட ஒங்க பேரு அடிபட வேணாம்னுதான் சும்மா இருந்தேன்."

பட்டன் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. இப்போது அவளுடைய நல்ல குணத்துக்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.