கப்பல் பேச்சு நின்ற வீடு

கடலுக்கும் ராஜபாளையத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எங்கள் தெருவில் வாயைத் திறந்தால் கப்பல்தான். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால், "கப்பலா கவுந்து போச்சு?" என்பார்கள். வாசலில் சண்டை வந்தால் மானம் கப்பலேறிவிடும். அத்தனைக்கும் எங்கள் வீட்டில் கப்பலைக் கண்ணால் கண்டவர் ரங்கூனில் கடை வேலை பார்த்த சித்தப்பா ஒருவர்தான்.

அந்த ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டானாம். நம் ஜனமெல்லாம் கிடைத்த கப்பலில் கிளம்பிவிட்டதாம். சித்தப்பா எதில் ஏறினார், ஏறினாரா என்பதே தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கப்பல் பேச்சு நின்றுபோனது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. சித்தி காதில் அந்த வார்த்தை விழக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. அப்பாவுக்கு என்னைத் திட்ட வார்த்தை இல்லை! பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பறித்து மாட்டிக்கொண்ட அன்று, "ஏட்டி, எம் மானத்தைக்..." என்று ஆரம்பித்தவர், சித்தியைப் பார்த்ததும் மென்று விழுங்கினார். "போ, போய்ச் சோறு தின்னு" என்றார். கொய்யாவும் தின்றேன், சோறும் தின்றேன்.

வேண்டுமென்றே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தும் பார்த்தேன். ஒருவரும் அதட்டவில்லை. சித்தி மட்டும் பேசாமல் வந்து என் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு மத்தியானம் சித்தப்பா ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். தாடியைப் பார்த்து எங்கள் நாயே குரைத்தது. வீடே அழுதது, சிரித்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மனுஷன் போட்டிருந்த சட்டையைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை. ரங்கூன் பொம்மை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். எனக்கு வந்த கோபத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"என்னட்டி, கப்பலா கவுந்து போச்சு? எடுட்டி கைய!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். சித்தப்பாதான் முதலில் சிரித்தார். "கவுந்து போகல தாயி. அதுலதானே வந்தேன்" என்றார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். சிரித்தபடியே குழம்புச் சட்டியோடு அடுப்படிக்குள் போனவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

என்னை அதட்டிவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். பாவமாக இருந்தது. பின்னாலேயே போய் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன்.

"அழாத சித்தி. கைய எடுத்துட்டேன்."