படுதாவுக்குப் பின்னால் பாடியவள்

ஆம்ப்ளிஃபயர் சூடாகும்போது ஒரு வாடை வரும். உள்ளே படிந்த தூசி வறுபடும் வாடை. அதோடு, பெட்டியில் மடித்து வைத்திருந்த சிவப்புப் படுதாவின் பாச்சை உருண்டை வாடையும் சேர்ந்துகொள்ளும். மற்ற பிள்ளைகள் விடுமுறைக்கு எங்கெங்கோ போய்வர, நான் சோமனூர்ப் பக்கத்துக் கல்யாணப் பந்தல்களில், ஆம்ப்ளிஃபயருக்கும் படுதாவுக்கும் நடுவில் கிடந்த ஒரு மடக்கு நாற்காலியின் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் இருந்தவள் சாந்தாமணி அத்தை, என் அப்பாவின் தங்கை. அவளுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். கல்யாணமாகாத பெண், ஆண்கள் இருக்கும் இடத்தில் தனியாக இருக்கலாமா? ஏழு வயதுச் சிறுமி பக்கத்தில் இருந்துவிட்டால் கௌரவம் தப்பிவிடும் என்று எங்கள் குடும்பம் நம்பியது.

என் சித்தப்பா அப்போது மெல்லிசைக் குழு நடத்தினார். பகலில் தறி, முகூர்த்த நாட்களில் கிடார். எங்கள் ஊரில் 'ஜாஸ்' என்றால் அது ஒரு இசை வகை என்று யாருக்கும் தெரியாது. டிரம்ஸ் செட்டுக்குத்தான் அந்தப் பெயர். "ஜாஸ் வந்துருச்சா?" என்று கேட்டால், வண்டியிலிருந்து அந்த உருளைகளை இறக்கியாகிவிட்டதா என்று அர்த்தம். கடல் தாண்டி எங்கோ யார் யாரோ நெஞ்சு வெடிக்க ஊதியும் அடித்தும் உண்டாக்கிய ஒரு பெரிய சங்கதி, பம்பாய், சென்னை ஸ்டுடியோக்கள் வழியாகக் கிளப் டான்ஸ் பாட்டாக எங்களிடம் வந்து, கடைசியில் ஒரு தட்டுமுட்டுச் சாமானின் பெயராக நின்றுபோனது. பெயரைத் தப்பாகப் போடுவது எங்களுக்குப் புதிதல்ல.

குழுவில் பெண் குரலுக்கு ஆள் கிடைக்காது. யார் தங்கள் வீட்டுப் பெண்ணை மேடைக்கு அனுப்புவார்கள்? அதனால் அந்தக் காலத்துக் குழுக்களில் ஆண் ஒருவர் பெண் குரலில் பாடுவது வழக்கம். அதற்குத் தனிக் கைத்தட்டலும் உண்டு. எங்கள் குழுவில் அந்த ஆள் செல்வராசு. கொஞ்ச நாள் நன்றாகவே பாடினான். பிறகு மேல் ஸ்தாயியில் குரல் உடைய ஆரம்பித்தது. வீட்டில் ரேடியோ கேட்டே எல்லாப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்த தங்கையைச் சித்தப்பா நினைத்தார். அப்பாவின் அப்பாவை நாங்கள் 'அப்பாரு' என்போம். அவரிடம் கேட்டபோது வந்த பதில் இது: "பாடட்டும். ஆனா ஒருத்தரு கண்ணுல படக்கூடாது, ஒருத்தரு வாயில அவ பேரு வரக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

அப்படித்தான் அத்தை படுதாவுக்குப் பின்னால் போனாள். முன்னால், இணைப்பில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு செல்வராசு வாயசைத்தான். கண் சிமிட்டினான், இடுப்பை ஒடித்தான், கூட்டம் விசிலடித்தது. பாட்டு முடிந்தால் பொன்னாடை அவனுக்கு. "ஆம்பளைக்கு எப்புடீங்க இப்படியொரு தொண்டை!" என்று அதிசயப்படுவார்கள். அத்தை சோடாவைக் குடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் தயாராவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வருகிறது.

எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், பந்தி நடக்கும் மத்தியான வேளை. அத்தை ஒரு தொகையறாவை எடுத்திருந்தாள்; வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல் மட்டும் ஏறிப் போகும் இடம். கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கர் செத்துவிட்டது. செல்வராசு டக்கென்று வாயை மூடிக்கொண்டான். அத்தை நிறுத்தவில்லை. கண்ணை மூடிப் பாடுகிறவள். தெரியாமல் பாடினாளா, தெரிந்தே பாடினாளா, இன்றுவரை நான் கேட்டதில்லை. மின்விசிறிகளும் நின்றுபோன அந்தப் பந்தலில் அவள் குரல் மட்டும் வெறுமனே, மைக் இல்லாமல், படுதாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இலையில் கை வைத்தவர்கள் அப்படியே இருந்தார்கள். தொகையறாவை முழுசாக முடித்தாள்.

மாப்பிள்ளையின் மாமன் கேட்டார்: "ஏனுங்க, யாருங்க அது பாடறது?"

முன்வரிசையிலிருந்த அப்பாரு கூசாமல் சொன்னார்: "அது ரேடியோங்க. பேட்டரி ரேடியோ."

"ஆமாங்க, ரேடியோதானுங்க," என்றார் மாமன். பக்கத்திலிருந்தவர்களும் "ரேடியோதானுங்க" என்று தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பெரிய மனிதரை முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொல்லிவிட முடியுமா? ஊரெல்லாம் மெச்சுகிற எங்கள் கொங்கு மரியாதை, 'ங்க' போட்டுப் போட்டு, ஒரு மனுஷியை உயிரோடு ரேடியோவாக்கிவிட்டது.

அதுதான் அவள் கடைசியாகப் பாடியது. அடுத்த தை மாதத்திலேயே ஆனைமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் தையல் தெரியும், பால் கறக்கத் தெரியும் என்றெல்லாம் சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பந்தல்கள் இல்லை, குளிரூட்டிய மண்டபங்கள் இருக்கின்றன. அப்பாரு இல்லை, சித்தப்பா இல்லை. ஜாஸும் படுதாவும் எந்தப் பழைய சாமான் கடைக்குப் போயினவோ. ஆனால் போன மாதம் என் கைபேசிக்கு ஒரு யூடியூப் பாட்டு வந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தது. குரல் என் அத்தையுடையது, படம் செல்வராசுவுடையது. 'பெண் குரல் வேந்தர்' என்று கோயம்புத்தூரில் விழா எடுத்துக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆள் வாங்கிக்கொண்டு சிரிக்கிறான்! கீழே, 'நம் ஊர் மெல்லிசை வரலாற்றின் அதிசயம்' என்று பாராட்டுகள். அடப்பாவி, வயது போன பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் உடனே அந்தப் பாராட்டுகளுக்குக் கீழேயே எழுதினேன்: 'இதைப் பாடியவர் திருமதி சாந்தாமணி கிட்டுசாமி, ஆனைமலை.'

மறுநாள் காலையில் சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கறமுங்க. நம்ம ஊட்டுப் பொம்பளைங்க கல்யாணங் காட்சிக்குப் பாடிட்டுத் திரிஞ்சாங்கன்னு பேச்சு வரும். அதை அழிச்சுப்போடுங்க." எவ்வளவு மரியாதை! அப்பாருவின் பேரன் அல்லவா?

அவனிடம் கத்திவிட்டு, ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். அத்தை சொன்னால் அழித்துவிடுவது, அவள் பாட்டு, அவள் முடிவு என்று நினைத்துக்கொண்டேன். அத்தை கைபேசியைக் காதோடு வைத்துப் பாட்டைக் கடைசிவரை கேட்டாள். பிறகு நான் எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னாள்.

"பேரைத் தப்பாப் போட்டிருக்கறயே கண்ணு," என்றாள். "இதைப் பாடுனப்ப எனக்குக் கண்ணாலமே ஆகலியே. உங்க மாமனுக்கு நான் பாடுவேங்கறதே சாகற வரைக்கும் தெரியாது. அவரு பேரு எதுக்கு அதுல? எடுத்துப்போடு. எங்கப்பன் பேரைப் போடு."

"ஒருத்தரு வாயிலயும் பேரு வரக்கூடாதுன்னு சொன்ன மனுஷன் அத்தை அவரு!"

"அதுக்குத்தான் சொல்றேன் அம்மணி. முழுசாப் போடு."

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன்: 'பாடியவர், சோமனூர் நாச்சிமுத்து மகள் சாந்தாமணி.'