பூ மழைக்குப் பிறகு வரும் வேன்

காலை ஐந்து ஐம்பதுக்கு மஞ்சக்குட்டைச் சாலையில் ஜீப்பிலிருந்து இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது பலகை. இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில், தனக்கென்று ஒரு விளக்கோடு நின்றது. கம்பெனியில் தயாரான கேரவன்களுக்கு மட்டுமே அனுமதி. வேன், டெம்போ, லாரி ஆகியவற்றை மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வண்டிக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. முன்பதிவு அவசியம். அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது, அதில் மட்டும் பெயிண்ட் புதிது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பலகையைப் படித்து முடித்த பிறகுதான் வாசனை வந்தது. காப்பிப் பூ வாசனை. மல்லிகை மாதிரி என்று எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். மல்லிகையை ஈரமண்ணில் வைத்தது மாதிரி என்றால் கொஞ்சம் கிட்டே வரும். எனக்கு இந்த வாசனையோடு எப்போதும் இன்னொன்றும் சேர்ந்தே வரும், அச்சு மை. காரணம் ஒரு வேன்.

சேலத்தில் ஒரு நாளிதழில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏற்காட்டுக்குப் பேப்பர் கட்டு ஏற்றிப் போனவர் பழனியப்பன் அண்ணன். விடிவதற்குள் மலையேறி, கடைசிக் கட்டை மஞ்சக்குட்டையில் போட்டுவிட்டு இறங்குவார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"தம்பி, மேல பூத்துக் கெடக்குதுங்க. வண்டிக்குள்ளார அந்த வாசம் பூந்துச்சுன்னா மை நாத்தமே தெரியறதில்ல."

"இதுல நியூஸ் என்னண்ணா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. செய்தி எது என்பது தெரிந்துவிட்ட வயது.

அலுவலகம் அந்த வேனைக் கழித்துக் கட்டியபோது அவரே வாங்கிக்கொண்டார். உள்ளே பலகைக் கட்டில் அடித்தார். ஒரு ஸ்டவ், ஒரு தண்ணீர்க் குடம். ஜன்னலுக்கு அண்ணியின் பழைய புடவையைக் கிழித்துத் திரை. ராஜாமணி அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "ஊடு வாங்கித் தாரேன் ஊடு வாங்கித் தாரேன்னாருங்க. வாங்கிட்டாரு. சக்கரம் வெச்ச ஊடு!" எத்தனை முறை கழுவியும் மை வாசனை மட்டும் போகவில்லை.

காப்பி தேதி பார்த்துப் பூப்பதில்லை. கோடையில் முதல் மழை நன்றாக விழ வேண்டும். அதைப் பூ மழை என்பார்கள். விழுந்து எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுக்க ஒரே இரவில் வெளுக்கும், இரண்டு மூன்று நாளில் பழுத்துக் கருகிவிடும். அதனால் அண்ணன் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். மஞ்சக்குட்டையில் வெள்ளையம்மா என்ற விவசாயிக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். மழை பெய்ததும் அவர் பஸ் நிறுத்தத்துக் கடையிலிருந்து போன் செய்வார். "பேஞ்சிருச்சுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. வேன் ஒரு வாரம் கழித்து மலையேறும். தோட்டத்துக்கு நடுவில், சாமை அடிக்கும் களத்தில் நிற்கும். வாடகை கிடையாது. சேலத்துத் தட்டுவடை செட் ஒரு பொட்டலம் போகும், திரும்பும்போது மிளகோ ஆரஞ்சோ வரும்.

சில வருஷம் நானும் தொற்றிக்கொண்டேன். முன்சீட்டில் மடங்கிப் படுத்து, கழுத்து பிடித்து எழுந்திருப்பேன். அண்ணி அதற்கு முன்பே பின்கதவைத் திறந்து, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் வெள்ளை. தம்ளரைக் கையில் வாங்கியதும்தான் அவருக்கு வாய் திறக்கும்.

"காப்பிப் பூவ மோந்துக்கிட்டே காப்பியும் குடிக்கறோம். அந்தச் செடி நம்மளப் பத்தி என்னங்க நெனைக்கும்?"

வெள்ளையம்மாவின் கணவர் இறந்த பிறகு, களமும் அதைச் சுற்றிய நிலமும் சுற்றுலா முகாம் நடத்துகிறவர்களுக்குக் குத்தகைக்குப் போயின. கூடாரம் வந்தது, பலகை வந்தது. அவர் மகன் கோவிந்தனுக்கு அங்கேயே கேட்டில் வேலை. விதிகளில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரோ ஒருவர் வேனுக்குள் சமைத்து, திரை தீப்பிடித்ததாம்.

அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது அதற்குப் பிறகு. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, ஆனால் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது தெளிவாக இருந்தது. ஒரு தடவை அங்கே விடிய வேண்டும். லாட்ஜ் படி ஏற முடியாது, கூடாரத்தில் தரையில் படுக்க முடியாது. வேன் கட்டிலில் படுக்க முடியும். முன்பதிவுக்கு நான்தான் போன் செய்தேன். எந்தத் தேதி என்றார்கள். மழை பெய்து எட்டாம் நாள் என்றேன். எதிர்முனையில் ஒரு பெண் சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார்.

போன வருஷம் மழை விழுந்து, வெள்ளையம்மா சொல்லி, முன்பதிவு இல்லாமலே புறப்பட்டோம். கேட்டில் கோவிந்தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ஏன் சாமி, இந்தக் களத்துல எத்தன வருசம் நின்ன வண்டி" என்றார் அண்ணன்.

"தெரியாதுங்களா மாமா? ரூல்ஸ் அப்படீங்க."

கோர்ட் செய்தி எழுதிய பழக்கத்தில் நான் இறங்கி வாதாடினேன். மாற்றிக் கட்டிய வண்டி என்றால் சட்டப்படி என்ன பொருள், அடுப்பை வெளியே வைத்துவிட்டால் ஆட்சேபம் என்ன. அவன் பொறுமையாகக் கேட்டான். "எல்லாம் சரிங்கண்ணா. கேமரா இருக்குதுங்களே."

அண்ணன் கேட்டின் ஓரமாகவே வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்கதவைத் திறந்து வைத்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. காற்று எதிர்த்திசையில் அடித்தது. வண்டிக்குள் மை வாசனைதான் இருந்தது.

வெள்ளையம்மா தோட்டத்துக்குள்ளிருந்து வந்தார். கையில் பூத்த கொப்பு ஒன்று. காப்பி வைத்திருப்பவர்கள் பூத்த கொப்பை ஒடிக்க மாட்டார்கள், ஒவ்வொரு பூவும் ஒரு காய். கோவிந்தனே திடுக்கிட்டுப் பார்த்தான். அவர் அதை அண்ணியின் நல்ல கையில் வைத்தார்.

அண்ணி முகர்ந்தார். பிறகு குழறலாக, "ஒடிச்சுட்டீங்களே... எத்தன காய் புடிக்கும்" என்றார்.

"புடிச்சா புடிக்குது. நீ மோந்து பாரு கண்ணு."

பின்னால் ஹாரன் கேட்டது. பஸ் நீளத்துக்கு ஒரு கேரவன், கம்பெனியில் தயாரானது, முன்பதிவு செய்தது. உள்ளே போக எங்கள் வேன் வழிவிட வேண்டியிருந்தது. அண்ணன் கதவைச் சாத்தினார். கொண்டை ஊசி வளைவுகள் முடியும் வரை கொப்பு அண்ணியின் மடியில் கிடந்தது. பாதிப் பூ வழியிலேயே உதிர்ந்தது.

அண்ணி ஆடி மாதம் போய்விட்டார். வேனை அண்ணன் பழைய இரும்புக்குப் போட்டார். இந்த வருஷமும் மழை பெய்ததும் வெள்ளையம்மா அவருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் வரவில்லை என்றாராம். பிறகு எனக்குச் செய்தார்.

பலகையில் புதிய பெயிண்டில் இருக்கும் வரி: கேட்டுக்கு வெளியே வண்டிகளை நிறுத்தக் கூடாது.