படத்தில் விழாத கயிறு

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் அக்கா பேரனை ஓங்கி அறைந்துவிட்டேன். எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. அவன் கன்னத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கைதான் ரெண்டு நாள் வலித்தது. நிலாவுக்குப் போனவர்கள் எடுத்த படங்களில் முக்கியமானதையெல்லாம் மறைத்துவிட்டார்கள் என்று ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். "அந்தப் படத்த நீ பாத்தியாடா?" என்றேன். "படம் இல்லைன்னாலே மறைச்சுட்டாங்கன்னுதான தாத்தா அர்த்தம்," என்றான். கை எப்படி ஓங்கியது என்று எனக்கே தெரியாது. பாயசம் அவன் சட்டையெல்லாம் வழிந்தது. கிழவனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொந்தபந்தம் பேசிக்கொண்டதாம். ஏறியது சர்க்கரை இல்லை.

அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அறுபத்தொன்பதாம் வருஷம், பேளுக்குறிச்சிச் சந்தையில்.

அப்போது நான் அங்கே என் அக்கா வீட்டுக்காரரின் போட்டோக் கடையில் வேலை செய்தேன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். படம் எடுப்பது அவர், கழுவிப் பிரிண்டு போடுவது நான். உடம்பெல்லாம் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள், எனக்கு ஜன்னலோரம் சௌகரியமாகக் கிடைக்கும். நிலாவில் ஆள் இறங்கிய வருஷம் அது. மாமா பத்திரிகையில் வந்த படங்களைத் திரும்பப் படம்பிடித்து, பெரிதாகப் பிரிண்டு போட்டு, கடை முகப்பில் முருகனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். கொல்லிமலையிலிருந்து மிளகும் பலாவும் கொண்டு இறங்குகிறவர்கள் கூட்டமாக நின்று பார்ப்பார்கள்.

"எத்தன பேருங்க போனது?"

"மூணு பேரு."

"படத்துல ஒருத்தந்தான நிக்கறான்?"

நியாயமான கேள்வி. இன்னொருவன் கையில் கேமரா இருக்கிறது, மூன்றாமவன் இறங்கவே இல்லை, மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான். இது மாமாவுக்கும் தெரியும். ஆனால் உள்ளதைச் சொன்னால் கூட்டம் நிற்குமா? "எல்லாப் படத்தையும் வெளிய உட்ருவானா? சிலத உள்ள வெச்சுக்குவான்," என்று கண்ணடிப்பார்.

இருட்டறையில் வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அரசாங்கம் எதையும் மறைக்காது என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் எங்கள் கடையில் வெளியே வராத படங்களில் முக்கால்வாசி, கண் மூடியது, கை ஆடியது, வெளிச்சம் பட்டுக் கறுத்தது. குப்பைக்கூடைக்குள் ரகசியம் கிடந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மலையில் தேன் பிந்தியது. ஒருநாள் மேலேயிருந்து ஆள் வந்தது, பிணத்தைப் படமெடுக்க வேண்டும் என்று. இறந்தவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பது அப்போது வழக்கம், எங்களுக்கும் நல்ல வரும்படி. கேமராவை நான் தூக்கிக்கொள்ள, காட்டுவழியாக ஏறினோம்.

இறந்தவன் பெயர் சடையன். பாறையில் தேனெடுக்கக் கயிற்றில் இறங்கியவன், கயிறு அற்று விழுந்துவிட்டான். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. இறங்குகிறவனின் கயிற்றை மேலே நின்று பிடிக்க வேண்டியவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள், பங்காளி கையை விட்டாலும் விடுவான். தன் தங்கையின் தாலியை அறுக்க எவனும் துணிய மாட்டான் என்று கணக்கு. அன்று கயிறு பிடித்தவன் சடையனின் மச்சினன், பெரியண்ணன் என்று பெயர். பாறைக்கடியில் புகை போட்டுக்கொண்டிருந்தவன் சடையனின் தம்பி காளியப்பன். அண்ணன் விழுந்ததை அவன் பார்த்தான். மேலே நடந்ததை அவனால் பார்க்க முடியவில்லை. மிளகுக்காட்டு எல்லைக்காகச் சடையனும் பெரியண்ணனும் திருவிழாவில் மண்டை உடைய அடித்துக்கொண்டவர்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

சடையனை நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது, துணி சுற்றியும் ரத்தம் ஊறியது. காலடியில் அந்தக் கயிறு. மாமா கறுப்புத் துணிக்குள் தலைவிட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, கேமராவை மேலே தூக்கிவைத்தார். "அந்தப் புள்ள காலத்துக்கும் பாக்கற படம்டா. காலு வேண்டாம்," என்றார். அந்தப் புள்ள சடையன் மனைவி பாவாயி. மாமா வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆளைக் கொன்ற கயிறு வீட்டுக்குள் வரக்கூடாது என்று கயிற்றையும் குழிக்குள் போட்டு மூடினார்கள்.

அடுத்த சந்தைக்குப் பிரிண்டு வாங்கக் காளியப்பன் வந்தான். இடுப்பில் கொடுவாள். மலையாட்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கீழ்ப்பாதி எங்கீங்க? கயிறு எங்க?"

"எடுத்ததே அவ்வளவுதான் சாமி," என்றார் மாமா.

"கயித்த அறுத்தது படத்துல தெரிஞ்சிரும்னு மறச்சுப்போட்ட. நெலாப் படத்தையே உள்ள வெச்சுக்குவாங்கன்னு நீதான சொன்ன."

"அது வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. அப்படி ஒரு படமே இல்லீங்க."

"இல்லைன்னாலே மறச்சுட்டீங்கன்னுதான அர்த்தம்?"

சொல்லிக்கொண்டே மாமாவின் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிமேல் மோதினான். கண்ணாடி நொறுங்கி மாமாவின் காது கிழிந்தது. நான் கேமரா ஸ்டாண்டால் அவன் முதுகில் அடித்தேன். திரும்பி என் வாயில் குத்தினான், முன்பல் போனது. இப்போது நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பல் விலைக்கு வாங்கியது. சந்தையே திரண்டு நின்றது, ஒருவரும் விலக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் கையைப் பிடித்தவன் பெரியண்ணன்தான்.

"படத்துல என்ன கண்ணு தேடற? கயிறு உங்கண்ணங்கூடக் குழிக்குள்ளதான கெடக்குது. வா, தோண்டிப் பாக்கலாம். நான் அறுத்திருந்தா அங்கியே என்னையும் போட்டு மூடிரு."

காளியப்பனின் பிடி தளர்ந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் சந்தை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ரெண்டு பேரும் மலையேறியிருப்பார்கள். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "இந்நேரம் வேற கயிறு மாத்தி வெச்சிருப்பாங்க."

காளியப்பன் கொடுவாளை உருவி வீசிய முதல் வெட்டைப் பெரியண்ணன் கையால் தடுத்தான். விரல்கள் எங்கள் வாசலில் சிதறின. ரெண்டாவது கழுத்தில் இறங்கியது. மிளகு மூட்டைமேல் விழுந்தான். ரத்தமும் மிளகும் கலந்த அந்த வாடைக்கு இன்றுவரை என் வீட்டு ரசத்தில் மிளகு கிடையாது. அதுவரை வேடிக்கை பார்த்த சந்தைக்கு அப்புறம் வீரம் வந்தது. காளியப்பனைக் கல்லால் அடித்தார்கள், அவன் ஒரு கண் போனது. சிரித்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கிடைத்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

போலீஸ் குழியைத் தோண்டச் சொன்னது. படமெடுக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். கொடுவாளால் அறுத்த கயிறு மட்டமாக இருக்கும். இது பாறையில் தேய்ந்து, நார் நாராகப் பிரிந்து, பழைய துடைப்பம்போலக் கிடந்தது. மாமா இந்தத் தடவை எதையும் விடவில்லை. ஒன்றுக்குப் பத்தாக எடுத்தார்.

கோர்ட்டில் அந்தப் படத்தைக் காளியப்பனிடம் காட்டியபோது நான் சாட்சிக்காக உள்ளே நின்றேன். மிச்சமிருந்த கண்ணால் வெகுநேரம் பார்த்தான். "இது அந்தக் கயிறு இல்லீங்க. நெசக் கயித்த எங்கியோ வெச்சிருக்காங்க," என்றான்.

பல வருஷம் கழித்து, மாமாவும் கடையும் போன பிறகு, ஒரு வேலையாக மலைக்குப் போனவன் பாவாயி வீட்டுக்கும் போனேன். வாசலில் ஒற்றைக் கண்ணோடு ஒரு கிழவன் உட்கார்ந்து சாமைச் சோறு தின்றுகொண்டிருந்தான். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு வேறு போக்கிடம் இல்லையாம். அவள் அண்ணனை வெட்டியவனுக்கு அவளே சோறு போட்டிருந்தாள். எனக்கு அவன் தட்டை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது.

"இப்பவாவது ஒத்துக்கறானாங்க?" என்றேன்.

"இன்னமும் கயித்த மாத்திட்டாங்கன்னுதானுங்க சொல்லுது. அதுக்குத் தெரியுமுங்க. ஒத்துக்கிட்டா அப்புறம் எப்படிங்க சோறு எறங்கும்?" என்று குழம்பை ஊற்றினாள்.

அந்தப் பாறையைக் காட்டச் சொன்னேன். கறுப்பு கறுப்பாகத் தேனடைகள் தொங்கின. அண்ணாந்து பார்க்கும்போதே தேன் வாடை இறங்கியது. சடையன் போனதோடு அந்த ஊரில் தேனெடுப்பது நின்றுபோனது என்றாள். மச்சினன்மார் இருக்கிறார்களாம், கயிறு திரிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்களாம். இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கத்தான் ஒருவனும் வரவில்லை.